சின்ன மாப்பிள்ளையும் மெரூன் பட்டனும்

காலையில் விழிப்பு வந்ததும் குஷன்காரர் உடனே எழுந்துவிட மாட்டார். மல்லாந்து படுத்தபடியே பனியனை நெஞ்சு வரை சுருட்டிக்கொள்வார். பழைய சோபாவிலிருந்து உறையை உரிக்கிற அதே பக்குவம். அவசரமும் இல்லை, கிழிசலும் இல்லை. தலைமாட்டு ஜன்னல் கட்டையில் ஒரு மெரூன் நிறப் பட்டன் இருக்கும். சோபாவின் முதுகில் குழி விழும்படி தைப்பார்களே, துணி போர்த்திய பட்டன், அந்த ரகம். அதை எடுத்து உள்ளங்கையில் ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடிப்பார். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரல்கடை இடப்பக்கம் தள்ளி வைப்பார். பிறகு தாடையை நெஞ்சில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் வயிற்றின் உச்சியைத் தானே அண்ணாந்து பார்ப்பார்.

"வா, வந்து பாரு. ஆடுதா?"

அவர் மனைவி கையைத் துடைத்தபடி வந்து வாசல்படியில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"ஆடல."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. அப்புறம் ஆடுச்சு பாடுச்சுன்னு பேச்சு வரக்கூடாது."

"கல்லு மாதிரி கெடக்கு. எழுந்திரிங்க, வெந்நீர் ஆறுது."

"அப்ப சின்ன மாப்பிள்ளை சௌக்கியம்" என்று அறிவித்துவிட்டு, பட்டனை ஜன்னல் கட்டையில் திரும்ப வைத்து, பனியனை இறக்கி விடுவார். பத்துப் பதினோரு வருஷமாக அந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரு செங்குத்தான மரப்படி. கடையில் எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்று சோபாக்கள் குடல் தெரியக் கவிழ்ந்து கிடக்கும். பஞ்சு, ஃபோம், ரெக்சின் சுருள், வளையம் வளையமாக ஸ்பிரிங்குகள். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுகிற வித்தை குஷன்காரருக்கு உண்டு. வாடிக்கையாளர்கள் ஆணி விழுந்துவிடுமோ என்று அவர் வாயையே பார்ப்பார்கள், அவர் சொல்லுகிறதைக் கேட்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மூலையில் சின்னக் கை அழுத்தி ஒன்று இருக்கிறது. வட்டமாக வெட்டிய துணியைத் தகர ஓட்டின் மேல் போர்த்தி, பின்தகட்டை வைத்து, கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் பட்டன் தயார். அது மனைவியின் ராஜ்யம். தெருவில் அவளுக்குப் பட்டனம்மா என்றே பெயர். அவள் அழுத்திய பட்டனைத் திருப்பிப் பார்த்தால் துணியின் மடிப்புகள் பூவிதழ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காகப் படிந்திருக்கும். யாரும் பார்க்காத பக்கம் அது. ஆனாலும் அப்படித்தான் செய்வாள்.

நோயைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அந்த நாளில் குஷன்காரர் சோபாவுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங்கைத் தாங்குகிற அடிப்பட்டையை ஆணியடித்துக்கொண்டிருந்தார். படுத்து வேலை செய்யும்போது வயிறுதான் அவருக்கு மேஜை. ஆணி, சுத்தியல், பட்டன், பாதி குடித்த தேநீர்க் குவளை, எல்லாம் அதன் மேல். குனிந்து பட்டனைக் கொடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, பட்டன் எல்லாம் குதிக்குது?"

"நான் வேலை செய்யற சுறுசுறுப்பு. அதுங்களுக்கும் தொத்திக்கிச்சு."

"சுத்தியலை நிறுத்துங்க." நிறுத்தினார். பட்டன்கள் நிறுத்தவில்லை. டிக், டிக், டிக் என்று, எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் மாதிரி விடாமல் குதித்தன.

மருத்துவமனையில் சொன்னார்கள்: வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாயின் சுவர் நைந்து, ஒரு இடத்தில் புடைத்து வீங்கியிருக்கிறது. இன்னும் வீங்கினால் வெடிக்கும். வெடித்தால் ஆளைக் கூப்பிடக்கூட அவகாசம் இருக்காது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம். தொடை இடுக்கு வழியாக, மடித்து வைத்த துணிக்குழாய் ஒன்றை உள்ளே அனுப்புவார்கள். அதைச் சுற்றிலும் கம்பிச் சுருள். உள்ளே போனதும் குடை மாதிரி விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் அதற்குள்ளேயே ஓடும். வெளியே இருக்கும் வீக்கம் வேலை இல்லாமல் போய்ச் சுருங்கும்.

குஷன்காரருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "துணி, ஸ்பிரிங்கு! அடடா, நம்ம வேலையை நம்ம வயித்துக்குள்ளயே பண்றாங்கப்பா!" டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன துணி போடறீங்க? எத்தனை வருஷம் தாங்கும்?" என்று துருவினார்.

"துணி தாங்கும். ஆனா நீங்க வருஷா வருஷம் வந்து ஸ்கேன் பண்ணிக்கணும். ஆயுசு முழுக்க" என்றார் அந்தப் பெரிய டாக்டர். "அது நழுவலாம், ஓரத்துல கசியலாம், ஜாயின்ட் விடலாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வலிக்காது. நாங்க பார்த்தாத்தான் தெரியும்."

அந்த மாதம்தான் மகளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ஆக ஒரே மாதத்தில் வீட்டுக்குள் இரண்டு புது ஆட்கள். மகளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை ஆனார். வயிற்றுக்குள் குடியேறியது சின்ன மாப்பிள்ளை ஆயிற்று. "பெரியவருக்கு நூறு உபசாரம் பண்ணணும். நாற்காலி போடணும், ஃபேன் போடணும். சின்னவரு வீட்டோட மாப்பிள்ளை. வந்த நாள்லருந்து ஒரு தடவை, டீ ஆறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை? தங்கம்" என்பார். பெரிய மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார். அவரும் சிரித்து வைப்பார். ஆனால் மகளிடம் தனியாக, "உங்க அப்பா என்னை ஒரு குழாய்கூட கம்பேர் பண்றாரு" என்று குறைப்பட்டதாகக் கேள்வி.

முதல் ஐந்து வருஷம் ஒழுங்காக ஸ்கேனுக்குப் போய்வந்தார். ஐந்தாவது வருஷம் பெரிய டாக்டர், "வீக்கம் பிரமாதமா சுருங்கிடுச்சு" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். தப்பு அங்கேதான் நடந்தது. குஷன்காரர் அதைப் பட்டமளிப்பு என்று எடுத்துக்கொண்டார். "பாஸ் பண்ணியாச்சு. பாஸ் பண்ணவன மறுபடி பரீட்சை எழுதச் சொல்றது எந்த ஊரு நியாயம்?" அதோடு சரி. ஸ்கேன் நின்றது, பட்டன் தொடர்ந்தது. "ஸ்கேன் மிஷினுக்கு அப்பன் இது. கண்டுபிடிச்சதே இதுதானே?" என்று பட்டனைக் காட்டுவார். கண்டுபிடித்தவள் பட்டனம்மா, பெயர் வாங்கியது பட்டன்.

மற்றபடி வயிற்றால் வீட்டுக்குப் பொழுதுபோக்கும் உண்டு. பேத்தி வந்தால் மல்லாந்து படுத்து, அவள் பொம்மையை வயிற்றின் மேல் நிறுத்திக்கொள்வார். மூச்சு விடாமல், முகம் மாறாமல், வயிற்றை மட்டும் இப்படியும் அப்படியும் அலையவிடுவார். பொம்மை கடலில் போகும். புயலில் சிக்கும். பேத்தி கீச்சென்று கத்துவாள்.

ஒரு நாள் காலையில் பட்டனம்மாவுக்குக் கூப்பிடும் குரல் வரவில்லை.

அடுப்படியில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு குஷன்காரர் தானே எழுந்து வந்து, வெந்நீரை விட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினார். "என்ன, இன்னிக்குப் பாக்கலையா?" என்றாள். "எல்லாம் பாத்தாச்சு. சௌக்கியம்" என்றார். ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவர் அன்று பூராவும் உதட்டில் ஆணி இல்லாமலேயே பேசாமல் இருந்தார்.

மறுநாள் காலையில் தெருவே கேட்கும்படி கூப்பிட்டார். "வா வா! வந்து பாரு!" போய்ப் பார்த்தாள். பட்டன் அசையவில்லை. அசையவில்லை என்றால் அப்படி ஒரு அசையாமை. கோயில் தூண்கூட அதற்கு முன்னால் ஆடுகிற மாதிரி இருக்கும். "பாத்தியா? கல்லு!" என்றார் குஷன்காரர், இருமடங்கு சத்தத்தில்.

அவர் குளிக்கப் போனதும் பட்டனம்மா ஜன்னல் கட்டைக்குப் போனாள். பட்டனைத் தொட்டவுடனேயே விஷயம் விளங்கிவிட்டது. கையில் கனத்தது. மேலே அதே பழைய மெரூன் துணிதான், வருஷக்கணக்கில் விரல் பட்டு வெளுத்த அதே ஓரம். திருப்பினாள். பின்பக்கத்தில் மடிப்பு தாறுமாறாக, பசை வழிந்து, ஒரு நூல் துருத்திக்கொண்டு, தகடு கோணலாக. இது அவள் கைவேலை இல்லை. மனிதர் பட்டனைப் பிரித்து, உள்ளே எதையோ வைத்து, மறுபடி மூடியிருக்கிறார். இரும்பு நட்டு என்று விரலே சொன்னது.

பட்டன் ஆடியிருக்கிறது. ஆடக்கூடாது என்பதற்காகக் கனம் ஏற்றியிருக்கிறார். காய்ச்சல் அடித்தால் தெர்மாமீட்டரை ஐஸில் வைக்கிற ஆள்!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுபோயிற்று.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கடையிலேயே ஒரு சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டார். அவள் பக்கத்தில் குந்தி, பனியனுக்கு மேலாகக் கையை வைத்தாள். கைக்கு அடியில், ஆழத்தில், யாரோ முஷ்டியால் குத்தினார்கள். டும். டும். டும். சோபாவுக்கு அடியில் பட்டன்கள் குதித்த அந்தப் பழைய நாளில் இருந்த அதே தட்டு. வெடித்தால் கூப்பிட அவகாசம் இருக்காது என்று பெரிய டாக்டர் சொன்னது, நேற்றுச் சொன்னதுபோலக் காதில் கேட்டது.

நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். குஷன்காரரைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். நேராகச் சொன்னால் நேர் எதிரே போகிற ஆள். மூணு பேர் சோபாவைத் தனியாகத் தூக்காதீங்க என்று கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை சொன்னாள். அவளையும் அதில் உட்கார வைத்துத் தூக்கிக் காட்டினார். மீசையில் சர்க்கரை ஒட்டியிருக்கும்போதே, டப்பாவில் எறும்பு புகுந்துவிட்டது என்று வாதாடுகிறவர். நட்டைப் பற்றி வாயைத் திறந்தால் மானக்கேட்டில் மனிதர் முருங்கை மரத்தின் உச்சாணிக் கிளையில் ஏறிக்கொள்வார். இறக்குவதற்குள் குழாய் காத்திருக்குமா?

பெரிய மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சினிமா பார்க்கும்போதும் அழுத்துவார். சாயங்காலம் வகுப்பு முடிந்த கையோடு வந்து, கடையில் புதிதாகத் துணி போட்ட சோபாவில் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, வண்டிக்கே வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை இருக்கு..."

"உங்க வண்டி ரோட்ல ஓடுது மாப்பிள்ளை. என் வண்டி ஷெட்ல நிக்குது. நிக்கற வண்டிக்கு எதுக்கு சோதனை?"

"நிக்கற வண்டிலதான் மாமா பிரேக் துருப்பிடிக்கும்."

"துருப்பிடிச்சா சின்ன மாப்பிள்ளை சொல்லுவாரு. அவர் உங்கள மாதிரி இல்ல, சுத்தி வளைச்சுப் பேச மாட்டாரு. நீங்க முதல்ல கால எடுங்க. நீங்க அழுத்தற அழுத்துல சோபாப் பட்டை அறுந்துடும்."

பெரிய மாப்பிள்ளை காலை எடுத்தார். கூடவே தோல்வியையும் எடுத்துக்கொண்டு மேலே வந்து, "அத்தை, மாமா சின்னவர நம்பற அளவு என்னை நம்பல" என்றார்.

"பரவால்ல. சின்னவர வெச்சே பேசிக்கறேன்" என்றாள் பட்டனம்மா.

விளக்கு வைத்ததும் குஷன்காரர் பழைய நாற்காலி ஒன்றை எடுத்துவரத் தெருக்கோடி வரை போனார். அந்த இடைவெளியில் அவள் கீழே இறங்கி, அவருடைய பட்டனைக் குறட்டால் பிரித்தாள். பஞ்சில் சுற்றிய இரும்பு நட்டு உருண்டு விழுந்தது. அதைத் தூரப் போட்டுவிட்டுத் தகர ஓட்டை வெறுமையாக மூடப்போனாள். கை நின்றது. மனிதர் தினமும் பட்டனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவர். பஞ்சாக இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் கனமும் வேண்டும், ஆடவும் வேண்டும். கூரையும் ஒழுகக் கூடாது, மழையும் பெய்ய வேண்டும்! யோசித்து, யோசித்து, ஒல்லியான வாஷர் ஒன்றை உள்ளே போட்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். அதே கோணலில் மூட வேண்டும். அவள் கைக்குக் கோணல் வரவில்லை. துணியை வைத்ததும் விரல்கள் தாமாகவே பூவிதழ் மடிப்பு மடித்துவிட்டன. பிரித்தாள். மறுபடி மடித்தாள். மறுபடி பூ. "சனியனே, கெட்டுப்போ" என்று கையைத் திட்டினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, புருஷன் எப்படிப் பொறுமையில்லாமல் திணித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே திணித்தாள். பசையை வழியவிட்டாள். ஒரு நூலை வெளியே இழுத்துவிட்டாள். அவள் வாழ்நாளில் செய்த பட்டன்களிலேயே படுமோசமானது அதுதான். அவ்வளவு அழகாக வந்திருந்தது.

விடிந்தது. குஷன்காரர் பனியனைச் சுருட்டினார். பட்டனை எடுத்தார். தூக்கிப் போட்டுப் பிடித்தார். விரல்கள் ஒரு கணம் அதன் மேல் மூடிக்கொண்டு நின்றன. பிறகு விரல்கள் திறந்தன. பட்டனை வயிற்றின் மேல் வைத்தார்.

"வா. வந்து பாரு."

அவள் ஏற்கெனவே வாசல்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு. பட்டன் அசையவில்லை. இரண்டு மூச்சு நேரம் அசையவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தபோது, டிக். ஒரு ஓரம் எழும்பியது. டிக். டிக். மெரூன் பட்டன் வயிற்றின் உச்சியில் பாவாடை சுழற்றும் ஆட்டக்காரி மாதிரி ஆட ஆரம்பித்தது.

"என்னங்க, ஆடுது!" என்றாள். நடிக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். தேவைப்படவில்லை, குரல் தானாகவே உடைந்தது.

குஷன்காரர் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பட்டனைப் பார்த்தார்.

"ஆமா, ஆடுது" என்றார். "சின்ன மாப்பிள்ளைக்கு என்னமோ கோவம் போல. சட்டையை எடு."

பெரிய மாப்பிள்ளையின் கற்றுக்கொடுக்கும் காரில், கூரைமேல் பெரிய பலகையோடு, மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது குஷன்காரர். திருப்பத்துக்குத் திருப்பம் அவர் காலை ஊன்ற, கார் நட்ட நடுத்தெருவில் முட்டுக்கட்டை போட்ட மாடுபோல நின்றது.

"மாமா! கால எடுங்க மாமா!"

"இப்ப தெரியுதா மாப்பிள்ளை, என் சோபா படற பாடு?"

பின்னால் பட்டனம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டு வந்தாள்.

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் பெரிய கண்ணாடி போட்ட இளம் டாக்டரம்மா ஒருத்தி. ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். உள்ளே வைத்த குழாய் ஒரே துண்டு இல்லை. உடம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகியது. கால் துண்டு செருகலிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது. அந்த இடைவெளி வழியாக ரத்தம் பழைய வீக்கத்துக்குள் பாய்ந்து, அதை மறுபடி ஊதிக்கொண்டிருந்தது.

"ஏன் உருவிச்சு? நான் கனம்கூடத் தூக்கலையே" என்றார் குஷன்காரர். கனம் என்ற சொல்லைச் சொன்னதும் அவர் ஏன் இருமினார் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

"நீங்க ஒண்ணும் பண்ணல. வீக்கம் நல்லா சுருங்கிச்சில்ல? சுருங்கும்போது உள்ள இருக்கற குழாயும் வளையும். வளைஞ்சு வளைஞ்சு ஜாயின்ட் விட்டுப்போச்சு. சில பேருக்கு இப்படி ரொம்ப வருஷம் கழிச்சு ஆகும்."

"அப்ப நல்லா ஆனதாலதான் கெட்டுப்போச்சா?"

"அப்படியும் சொல்லலாம். அதனாலதான் நல்லா இருந்தாலும் வாங்கன்னு சொல்றோம். ஆமா, ஒரு வலி இல்ல, ஒண்ணும் இல்ல, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பட்டன்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கதையைக் கேட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, விரலை நீட்டி, "இது உங்க அதிர்ஷ்டம். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வெளிய எந்த ஆட்டமும் தெரியாது. இனிமே பட்டனை நம்பினீங்க, நானே வந்து அதைப் பிடுங்கிடுவேன்" என்றாள். அன்றைக்கே உள்ளே போய்ச் சரிசெய்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது, என்றும் சொன்னாள்.

அவரை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை, "என்ன துணி, இந்தத் தடவை என்ன துணி?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

வெளியே பெஞ்சில் பட்டனம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த பெஞ்சுக்கு குஷன் போடாதவன் யார் என்று ஒரு கோபம். அதை விட்டால் வேறு எதன்மேல் கோபப்படுவது? பெரிய மாப்பிள்ளையின் கால் தரையை அழுத்திய அழுத்தில் சலவைக்கல் கீழே இறங்கியிருக்க வேண்டும். சும்மா இருக்க முடியாமல் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நட்டை, வாஷரை, கோணல் மடிப்பை. மாப்பிள்ளை வாயைப் பிளந்து கேட்டார். "மாமாவையே ஏமாத்திட்டீங்களே அத்தை!" என்று சிரித்தார். எவ்வளவு சிரித்தார் என்றால், காலை அழுத்துவதை மறந்தே போனார். பட்டனம்மாவுக்குக் குற்ற உணர்ச்சியும் கொஞ்சம் கர்வமும். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அவமானமா போயிடும்" என்றாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகமூடியைக் கீழே இறக்கியிருந்தாள். அந்த ஒன்றிலேயே பதில் இருந்தது. விட்டுப்போன இடத்தில், இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி, உள்பக்கமாக இன்னொரு குழாய்த் துண்டு வைத்தாயிற்று. கசிவு நின்றுவிட்டது.

கண் திறந்து பேச முடிந்ததும் குஷன்காரரின் முதல் வாக்கியம்: "சின்ன மாப்பிள்ளைக்குத் துணைக்கு ஒரு சகலை வந்திருக்காரு."

"அப்படின்னா எனக்கும் சகலைதானே மாமா?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"உங்களுக்கும்தான். ரெண்டு பேர்கிட்டயும் கத்துக்கோங்க. டீ கேக்கவே மாட்டாங்க."

ஒரு மாதம் கழித்து மறுபடி படம் பிடித்தார்கள். கசிவு இல்லை. அடுத்த ஸ்கேனுக்கான நாளை டாக்டரம்மா சொன்னபோது குஷன்காரர் பரீட்சை, பாஸ் என்று எதையும் பேசாமல், நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை. நெடுநாள் கழித்து அவர் பனியனைச் சுருட்டினார். ஜன்னல் கட்டையிலிருந்து பட்டனை எடுத்துக் கொடுத்ததே பட்டனம்மாதான். அந்தக் கோணல் மடிப்புப் பட்டன். டாக்டரம்மா நம்பாதே என்றாலும், கண்ணுக்கு ஒரு ஆசை இருக்காதா? தன் கையாலேயே வயிற்றின் மேல் வைத்தாள். கல் மாதிரி கிடந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள்.

டிக்.

அவள் குனிந்து பார்த்தாள். டிக். டிக். "ஐயோ, என்னங்க! மறுபடியும்..." என்று கத்தப்போனவள் பாதியில் நின்றாள். பட்டன் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் வந்தது. ஒரு வட்டம் போட்டது. ரத்தக் குழாய் துடித்தால் பட்டன் குதிக்கும், சரி. பேத்தியின் பொம்மை மாதிரி கடலில் போகுமா? நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மூச்சு இல்லை, முகத்தில் மாற்றம் இல்லை. மீசை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீங்களா?"

அடக்கிய சிரிப்பு வெடித்ததில் பட்டன் கட்டிலில் உருண்டது. "நான்தான்!"

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கும் நான்தான். ஏம்மா, உள்ள வாஷரைப் போட்டா அது எப்படி ஆடும்? கையில எடுத்தவுடனே தெரிஞ்சுபோச்சு, நட்டு போய் வாஷர் வந்திருக்குன்னு. இருந்தாலும் வெச்சுப் பார்த்தேன். கம்முனு கெடக்குது. திரும்பினா, நீ நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற, மூச்சே விடாம. சரி, இவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கா, நாமளே ஆட்டி விடுவோம்னு..."

பட்டனம்மா கட்டிலிலிருந்து பட்டனை எடுத்து, வாசலுக்குப் போய், மரப்படியில் ஓங்கி எறிந்தாள். பொத், பொத், பொத் என்று படிக்குப் படி விழுந்து இறங்கியது. வெறும் தகர ஓடாக இருந்தால் டிங் டிங் என்று துள்ளிக்கொண்டு போயிருக்கும். வாஷர் கனம்தான், சத்தமே சொன்னது. கடைசிப் படியில் அது விழுந்து ஓயும்வரை நின்று கேட்டாள். பிறகு, உள்ளே இன்னும் குலுங்கிக்கொண்டிருந்த கட்டிலின் கிறீச்சைக் காதில் வாங்கியபடி, அதை எடுத்துவர விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.